வெறுஞ்சிமிழ் அனுப்பக்கூடாது

உங்கள் இடுப்புக் கச்சையின் கொக்கியில் இடது ஓரத்து மாணிக்கம் ஆடுகிறது, மிர்ஸா. குனிந்து எழுதும்போது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லைச் சுற்றி நெரித்திருக்கும் தங்க விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் போதும், பிறகு அதை ஹமாமிலும் தேடுவீர்கள், குதிரை லாயத்திலும் தேடுவீர்கள். கடைவீதியில் எந்தக் கல் பதிப்பவரிடம் கொடுத்தாலும் நீங்கள் ஒரு ஹுக்கா பிடித்து முடிப்பதற்குள் இறுக்கிக் கொடுத்துவிடுவார்.

உட்காருங்கள். அந்தத் திண்டு வேண்டாம், பூனை படுத்தது. ஒரு சர்பத் கலந்து கொடுக்கலாம் என்றால் உங்கள் ஆட்கள் சர்க்கரை ஜாடிக்குக்கூட அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தண்ணீர்தான் இருக்கிறது. குடியுங்கள், கிணற்றுத் தண்ணீர்.

முதலில் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். இன்று காலை என் மகன் ஜலீல் உங்களிடம் சொன்னது பொய். ஆளுநரின் மகள் கண்ணில் போட்டுக்கொண்ட சுர்மா மையில் விஷம் கலந்தது யார் என்று விசாரிக்க வந்தீர்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் என் மருமகள் கோஹரை மரண தண்டனைக்குச் சதுக்கத்துக்குக் கொண்டுபோவார்கள் என்று வாசித்தீர்கள். உடனே அவன் எழுந்து நின்று, "கலந்தது நாந்தான், அவள விட்டுருங்க" என்றான். நீங்களும் மையைத் தொட்டு எழுதிக்கொண்டு அவனை அவன் பட்டறையிலேயே பூட்டச் சொன்னீர்கள். பெண்டாட்டிக்காகச் சொன்ன பொய் அது. ஜலீலுக்குச் சுர்மா அரைக்கத் தெரியாது. ஜாடி எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. தெரிந்தாலும் தடவித்தான் எடுக்க வேண்டும், அவன் கண் அப்படி. அதை நீங்களே பார்த்தீர்கள்.

கோஹரும் கலக்கவில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனாலும் நடக்காததைச் சொல்ல மாட்டேன்.

எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் பிள்ளை பெற்றவர், புரிந்துகொள்வீர்கள்.

நான் மீனாக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். என் மாமனார், என் புருஷன், என் மகன், எல்லாருக்கும் தங்கத்தில் பூ மலர்த்துகிற வேலைதான். இந்த இஸ்ஃபஹானிலிருந்து அரண்மனைக்குப் போன ஹுக்காத் தலை, வாள் பிடி, கைக்கண்ணாடியின் முதுகு எதை எடுத்தாலும் எங்கள் வீட்டு ரோஜா ஒன்றாவது அதில் இருக்கும். நிறப் பொடியை ரோஜா நீரில் குழைத்து, பூனை முடித் தூரிகையால் தங்கத்தின் மேல் இட்டு, உலைக்குள் வைத்து, பொடி உருகிக் கண்ணாடியாகிற அந்த நொடியில் வெளியே எடுக்க வேண்டும். ஒரு மூச்சு முந்தினால் மணல் மாதிரி நிற்கும், ஒரு மூச்சு பிந்தினால் கருகிவிடும். அந்த வேலைக்குக் கைகூட இரண்டாம் பட்சம்தான், முதலில் வேண்டியது கண். உலையின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற கண் சாயங்காலம் செங்கல் மாதிரி சிவந்துவிடும். அதனால் மீனாக்காரர் வீட்டுப் பெண்களுக்குச் சுர்மா அரைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அஸ்தமனத் தொழுகைக்கு முன்னால் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கீழிமையை இழுத்து, குளிர்ந்த குச்சியால் ஒரு கோடு. என் சுர்மாவுக்கு இந்தத் தெருவில் பெயர் உண்டு. உங்கள் வீட்டிலேயே கேட்டுப்பாருங்கள், வாங்கியிருப்பார்கள்.

அந்தப் பெண்ணின் சுர்மாச் சிமிழை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. சாட்சிப் பொருளாகத் துணியில் சுற்றி வைத்திருந்தால் அவிழ்த்துப் பாருங்கள். பாவம், அதன் மேல் என்ன குற்றம் இருக்கிறது. ஒரு சின்னப் பேரிக்காய் அளவுதான். உடம்பு முழுக்கப் பால்வெள்ளைத் தரை, அதில் இளஞ்சிவப்பு ரோஜா, ரோஜாவின் மேல் சாய்ந்து ஒரு புல்புல். கழுத்தைச் சுற்றி மாணிக்கம், அடியில் மரகதம், குச்சியின் தலையில் ஒரு முத்து. புல்புலின் கண்ணைப் பாருங்கள். கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளி, அதற்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. அது உங்களைப் பார்க்கும். ஆளுநரின் மகள் மலிக்தாஜ் கானுமின் கல்யாணச் சீருக்காக ஜலீல் செய்தது அது.

மீனா வேலை முடிந்து, கல் பதிப்பவரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஆளுநர் வீட்டுக் காரியஸ்தர் ஹாஜி முராத் பார்க்க வந்தார். சிமிழை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உஸ்தாத், இது இஸ்ஃபஹான்ல கெடக்கற கை இல்ல. ஷா கண்ணு முன்னாடி இருக்க வேண்டிய கை. நோன்புப் பெருநாள் கழிஞ்சதும் தெஹ்ரானுக்கு ஒரு கூட்டம் போகுது. உன் பேரை எழுதிட்டேன். பொண்டாட்டியையும் கூட்டிக்க."

"அப்ப அம்மா?" என்று ஜலீல் கேட்டான்.

"அரண்மனைப் பட்டறையில அம்மாவுக்கு என்ன வேல? துருத்தி ஊதுவாங்களா?"

ஹாஜி சிரித்தார். ஜலீலும் சிரித்தான். அதை நான் கவனித்துக்கொண்டேன்.

ஹாஜி போனதும் ஜலீல் சமையற்கட்டுக்கு வந்து என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அம்மா, வருஷத்துக்கு ஒரு தடவ வந்துடுவேன். புத்தாண்டுக்கு உன் கையால மீன் சோறு சாப்பிட வரமாட்டேனா?" என்றான். முகம் முழுக்கச் சந்தோஷம்.

இதே வார்த்தையை இதே சமையற்கட்டில் என் புருஷன் உஸ்தாத் கரீமும் சொன்னார். ஷாவின் பட்டறைக்குப் போகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு, கோதுமை உண்டு, வருடத்துக்கு ஒரு அங்கி உண்டு. திரும்பி வருகிற வாசல்தான் கிடையாது. முதல் வருடம் சொல்லி அனுப்பினார். அடுத்த ரமலானில் அங்கே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார் என்று ஒட்டகக்காரன் சொன்னான். அவர் செத்துவிட்டதாக நான் தெருவில் சொன்னேன். ஹல்வா கிண்டி வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் அழுதார்கள், ஜலீலும் அழுதான். அதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை, மிர்ஸா. வீட்டில் இல்லாத ஆள் எந்த ஊரில் உயிரோடு இருந்தால் என்ன. போன வருடம் வரை சௌக்கியமாக இருந்தார் என்று கேள்வி.

ஆகவே யோசித்தேன். அழுது பார்க்கலாம். ஆனால் அழுகிற அம்மாவை விட்டுவிட்டுத்தான் எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள். ஹாஜியின் காலில் விழலாம். அவர் இன்னும் சிரிப்பார். ஷாவுக்கு எழுதிய பெயரை யாரும் அழிக்க மாட்டார்கள். வேலைக்கு ஆகாதவன் என்று ஆனால்தான் விடுவார்கள்.

நான் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊரில், புறாக் கோபுரத்தைச் சுற்றியிருந்த வயலில் ஊமத்தை மண்டிக் கிடக்கும். ஒருநாள் அதைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கிவிட்டேன். வலி இல்லை. கண்ணாடியில் பார்த்தால் கண்மணி விரிந்து கிணறு மாதிரி இருந்தது. தூரத்து மலை தெரிந்தது, கையிலிருந்த ஊசி தெரியவில்லை. வெளிச்சத்தில் நிற்க முடியவில்லை. கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிட்டது. அதனால்தான் அதை எடுத்தேன். கண்ணைப் பொசுக்கிப் போடுகிற மருந்துகள் எத்தனையோ இருக்கின்றன, அரண்மனைக்காரர் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா. நான் அப்படிப்பட்டவள் இல்லை. என் பிள்ளைக்குத் தூரிகை முனை மட்டும் தெரியக்கூடாது. அவ்வளவுதான் நான் விரும்பியது.

அவனுக்கென்று தனியாக ஒரு பித்தளைச் சிமிழில் அரைத்து வைத்தேன். வழக்கம்போலச் சாயங்காலம் கூப்பிட்டேன். வழக்கம்போல வந்து என் மடிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தான்.

கோஹர் வாசற்படியில் நின்று கேலி செய்தாள். "ஏன் அத்தை, தாடி வெச்ச ஆம்பளைக்கு இன்னமும் நீங்கதான் மை போட்டு விடணுமா? தெஹ்ரானுக்கு உங்களையும் மடிச்சு மூட்டைக்குள்ள வெச்சுக்கட்டுமா?"

"எனக்கு அவன் பச்சப்புள்ளதான்டி. உனக்கு ஒண்ணு பொறக்கட்டும், அப்பத் தெரியும்" என்றேன்.

"அங்க போய்ப் பெத்துக்கறேன். ஷாவோட ஊர்ல பொறந்தா அது மூக்குலயே மாணிக்கம் இருக்குமாம்."

ஜலீல் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தான். நான் இரண்டாவது கண்ணுக்கும் இட்டேன்.

மறுநாள் ஊசிமுனை மங்கியது. அதற்கும் மறுநாள் உலையின் பக்கம் திரும்ப முடியவில்லை. "வெளிச்சம் குத்துதும்மா" என்றான். ஜன்னலை அடைத்தேன், கம்பளத்தைத் தொங்கவிட்டேன். வேலைச் சூடு கண்ணில் இறங்கிவிட்டது, மருந்து சேர்த்த சுர்மாவை விடாமல் போட வேண்டும் என்றேன். நம்பினான். ஏன் நம்பமாட்டான்.

சேதி கேட்டு ஹாஜி முராத் மறுபடி வந்தார். அவருக்குச் சந்தேகம், ஊரை விட்டுப் போக மனமில்லாமல் நடிக்கிறான் என்று. ஒரு தங்கத் தகட்டை நீட்டி, "என் எதிர்ல ஒரு ரோஜா போடு" என்றார். ஜலீல் போட்டான். தகட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தான், கிட்டக் கொண்டுவந்து பார்த்தான், தூரிகையை எச்சிலில் நனைத்து முனை கூட்டினான். நெற்றியில் வியர்வை.

"உஸ்தாத், இது ரோஜாவா, முட்டைக்கோஸா?" என்று ஹாஜி கேட்டார்.

ஜலீல் தகட்டைக் கீழே வைத்தான். தூரிகையைக் கழுவி, துடைத்து, உறைக்குள் வைத்து உறையின் வாயைக் கட்டினான். அவன் அப்பா ஒரு வேலை முடிந்தால் அப்படித்தான் செய்வார்.

அவன் பெயருக்குப் பதில் அடுத்த தெரு மீனாக்காரர் ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். பெருநாள் வந்தது, கூட்டம் கிளம்பியது. ஒட்டகமணிச் சத்தம் பாலம் தாண்டிப் போகிறவரை ஜலீல் இருட்டறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அதைச் சத்தியமாகச் சொல்கிறேன். பித்தளைச் சிமிழைக் கழுவக்கூட எடுத்தேன். அப்போது கோஹர் வந்து, "கண்ணு சரியாகட்டும் அத்தை, அடுத்த கூட்டத்தோட நாங்களே போயிடுவோம். எடம் இருக்குன்னு ஹாஜி வாய விட்டுச் சொல்லியிருக்காரு" என்றாள். சிமிழைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். நான் நிறுத்தவிடாமல் செய்தது அவள்தான். அதையும் ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு எங்களுக்கு ஒரு நல்ல காலம் நடந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது துக்கமாகத் தெரிந்திருக்கும். கம்பளம் தொங்குகிற அறையில் அவன் உட்கார்ந்திருப்பான். நான் சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பேன். கிணற்றடிக்குப் போக என் தோளில் கை வைத்துக்கொண்டு வருவான். விவரம் தெரிந்த வயதிலிருந்து அவன் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. உலையும் நிறமும் கூட்டாளிகளும்தான் அவனுக்கு. இப்போது, "அம்மா, அப்பா முகம் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். "அம்மா, வெளிய மழையா?" என்று கேட்டான். மழையா என்பதைக்கூட என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டான்.

ஒருநாள் பட்டறை அறையில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். பழைய மீனாத் தகடு ஒன்றை உதட்டில் வைத்து நாக்கால் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தான். "இது என் ரோஜா இல்ல, அப்பாவோடது. இதழ் ஓரம் கொஞ்சம் மேடு" என்றான். கோஹர் அந்தப் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளை நாக்காலாவது வேலையோடு இருக்கிறானே என்று நினைத்தேன்.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து எழ முடியாமல் கிடந்தேன். சுர்மா போடவில்லை. ஒரு சாயங்காலம் அவன் என் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மாதுளை உதிர்த்துக் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே, "இதுல ஒரு முத்து வெளுத்திருக்கு" என்று ஒன்றை எடுத்துத் தூரப் போட்டான். நான் காய்ச்சலோடு எழுந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிமிழை எடுத்துவந்தேன். "படும்மா, ஒரு நாள் போடலன்னா என்ன" என்றான். "எனக்கு என் காய்ச்சல் பெரிசா, உன் கண்ணு பெரிசா" என்று கேட்டேன். அவன் என் கையில் முத்தம் கொடுத்தான்.

இனி நீங்கள் விசாரிக்க வந்த விஷயம்.

கல் பதித்து, மெருகு போட்டு, மலிக்தாஜ் கானுமின் சிமிழ் திரும்பி வந்தது. பெண்கள் மாளிகைக்குள் ஆண் போக முடியாது, ஆகவே கோஹர் கொண்டுபோவது என்று ஆனது. நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூட ஒரு பிடி பாதாம் போட்டுத்தான் கொடுப்போம். சீருக்குப் போகிற சிமிழை வெறுமனே அனுப்புகிற வீடு உண்டா. நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கோஹர் தட்டுக்கு எதிரே நின்றாள். பச்சை ஜாடியில் தெருவுக்கு விற்கிற நல்ல சுர்மா இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. பித்தளைச் சிமிழை எடுத்தாள்.

"அத்தை, உங்க புள்ளைக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கறதுதானே உசத்தி? ஆளுநர் பொண்ணுக்குப் போறது உசத்தியாத்தானே இருக்கணும். கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

வாய் திறந்தேன். என்ன சொல்வது. அது வேண்டாம், கெடுதல் என்றால், கெடுதலையா அவருக்குப் போடுகிறீர்கள் என்று கேட்பாள். அந்தப் பெண்ணுக்கு மூளை வேகம். அது மருந்து என்றால், மருந்துதானே, நல்லதுதானே என்பாள். மாவுக் கையோடு நின்றேன். அவள் அந்தச் சின்ன வாய்க்குள் சுர்மாவைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"சிந்தாமப் போடு" என்றேன்.

நான் அப்போது சொன்னது அவ்வளவுதான். ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, கண் கூசுகிறது என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரிய இடத்துப் பெண்கள் எதையும் இரண்டாம் முறை தொடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஆனால் ஒரு வாரம்கூட ஆகவில்லை, பெண்கள் மாளிகைக்குக் காவல் நிற்கிற அண்ணகர் ஆகா அல்மாஸ் தானே வந்து கதவைத் தட்டினார். கைத்தடியும் பட்டு அங்கியுமாக வாசலையே அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஷஹர்பானு, என்ன மாயம் பண்ணி வெச்சிருக்க அந்தச் சிமிழுக்குள்ள? எங்க மலிக்தாஜ் கானும் கண்ணு மான் கண்ணாட்டம் ஆயிடுச்சு. முழுக்கக் கறுப்பு. மாப்பிள்ளையோட அம்மா பாத்துட்டு, இந்தக் கண்ணுக்கு ஏத்த முகத்திரை எங்க வாங்கறதுன்னு கேக்கறாங்க. மாளிகையில அத்தனை பேரும் கண்ணாடி முன்னாடிதான். எனக்கே போட்டு விடறேன்னு துரத்துதுங்க."

"உங்களுக்கு எதுக்கு ஆகா, ஏற்கெனவே யாரும் எதிர்ல நிக்க முடியல" என்றேன்.

"அது என் கண்ணால இல்லடி, கைத்தடியால." அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னும் அரைச்சுக் குடு. கல்யாணம் முடியறவரைக்கும் நிக்கக்கூடாதுன்னு உத்தரவு. வெளிச்சம் கொஞ்சம் கூசுதாம், கிட்ட இருக்கறது புகையாத் தெரியுதாம். அதனால என்ன, அழகுன்னா அதுக்கும் ஒரு வெல உண்டுல்ல."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். பக்கத்து அறையில் ஜலீல் கேட்டுக்கொண்டிருந்தான். வெளிச்சம் கூசுகிறது, கிட்ட இருப்பது புகையாகத் தெரிகிறது என்ற வார்த்தைகளை அவனும் கேட்டிருப்பான். நான் பேச்சை வளர்க்காமல் உடனே அரைத்துக் கொடுத்தேன். ஆளுநரின் பெண்ணுக்கு என்று கொஞ்சம் குறைத்துத்தான் கலந்தேன். அதை மறக்காமல் எழுதுங்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி கொடுத்தேன். மாளிகையிலிருந்து பிஸ்தா மிட்டாய்த் தட்டு வந்தது. வெறுந்தட்டைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அதிலும் ஒரு பொட்டலம் வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தைய ஹமாம் குளியலில் என்ன நடந்தது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மருதாணிப் பாட்டு, தம்பட்டம், பெண்கள் கூட்டம். மலிக்தாஜ் கானும் படியின் மேல் நின்று தூரத்தில் தெரிந்த யாரையோ பார்த்துச் சிரித்ததாகச் சொன்னார்கள். தூரம் தெரியும். காலடியில் இருந்த ஈரப் படிதான் தெரிந்திருக்காது. சிரித்துக்கொண்டேதான் கால் வைத்தாளாம். பதினாறு வயது. துக்கம் கேட்க நானும் போனேன். ஹல்வா எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் உன் மைதான் அவ கண்ணுல" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

உடலைக் குளிப்பாட்டியவர்கள் அந்தக் கண்ணைப் பற்றி ஏதோ பேசியிருக்கிறார்கள். வைத்தியம் பார்க்கிற ஹக்கீம் சிமிழை வாங்கி ஒரு பூனையின் கண்ணில் தடவிப் பார்த்தார். பூனை வெயிலில் சுவரில் போய் முட்டிக்கொண்டது. சிமிழைக் கொண்டுவந்தவள் யார், நிறைத்தவள் யார் என்று கேட்டால் மாளிகை முழுக்கக் கோஹரைக் கைகாட்டும். சந்தையிலிருந்து கீரைக் கூடையோடு வந்தவளை வாசலிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் யூகித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மூளை வேகம் என்று சொன்னேனே. ஆனால் வாய் திறக்கவில்லை. ஜலீல் பக்கத்தில் நின்றான், அவனுக்கு முன்னால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

அன்றிலிருந்து என் வீட்டு ஜாடிகளுக்கு முத்திரை, வாசலுக்குக் காவல். என்னால் கொல்லைக் கதவைக்கூடத் திறக்க முடியவில்லை. காவல்காரன்தான் ரொட்டி வாங்கி வருகிறான். பித்தளைச் சிமிழும் உங்களிடம், அம்மியும் உங்களிடம். எத்தனை சாயங்காலம் ஜலீலைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு வெறுங்கையோடு இருந்தேன் என்று எண்ணவில்லை. ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துவிடுவேன். அவனும் தினமும் வந்து தலையைச் சாய்த்தான்.

ஆக, ஊமத்தையைக் கலந்தது நான். முதலில் என் பிள்ளைக்குக் கலந்தேன், அப்புறம் தெரிந்தே ஆளுநரின் பெண்ணுக்கும் அரைத்துக் கொடுத்தேன். கோஹர் நிறைத்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை இழுத்துப் போனபோதும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை அவள் கதை முடிந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜலீல் குறுக்கே வந்து கழுத்தை நீட்டியதால்தான் சொல்கிறேன். விரல் ரேகை வைக்கச் சொன்னால் வைக்கிறேன். மை கொண்டுவந்திருக்கிறீர்களா.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் உங்கள் உத்தரவு கேட்டு, ஜலீலின் கையைப் பிடித்து நான்தான் பட்டறைக்கு அழைத்துப் போனேன். முற்றம் முழுக்க வெயில். பாதி வழியில் அவன், "அம்மா, அந்த மிர்ஸாவோட கச்சைக் கொக்கியில இடது ஓரத்து மாணிக்கம் ஆடுது. விழுந்துடப் போகுது, சொல்லிடு" என்றான். தொழில் தெரிந்த பிள்ளை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு நின்றான். என் பக்கம் திரும்பினான். அந்த இருட்டறைக் காலம் முழுக்க அவன் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பும், அவ்வளவுதான். இன்று என் முகத்தைப் பார்த்தான். இதழோரம் மேடா பள்ளமா என்று பார்க்கிற மாதிரி, நிதானமாக. என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, வாசற்படியைத் தடவாமல் தாண்டி உள்ளே போய், கதவை அவனே சாத்திக்கொண்டான்.

உங்கள் கொக்கியில் கல் ஆடுவதை நான் பார்க்கவே இல்லை, மிர்ஸா. என் வயதில் அதெல்லாம் எங்கே தெரியும்.

அவனை விட்டுவிடுங்கள். கோஹரையும் விட்டுவிடுங்கள், பாவம். என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் அந்தப் பித்தளைச் சிமிழை மட்டும் ஒரு நிமிடம் திறந்து காட்டுங்கள். உங்கள் கையிலேயே இருக்கட்டும், நான் குச்சியை மட்டும் தொட்டு எடுத்துக்கொள்கிறேன். பட்டறை ஜன்னலை யாரும் அடைக்கவில்லை. இவ்வளவு வெளிச்சம் அவன் கண்ணுக்கு ஆகாது.